அட்டையில் இரண்டாவது பெயர்

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த டைரியைக் கொடுத்தது ப்ரணவ் தம்பி. கோயம்புத்தூர்க்காரர், இருபத்தெட்டு வயது. நாங்கள் தைக்கும் துணி நாப்கினை ஊர் ஊராக விற்றுத் தரும் கம்பெனி நடத்துகிறார். அதற்குச் 'சமூகத் தொழில்முனைவு' என்று ஒரு பெயர் சொல்லுவார். "தினமும் நடக்கறத அப்படியே எழுதிட்டு வாங்க்கா. இம்பாக்ட் தெரியோணும். வருசக் கடைசில புக்காப் போட்டுக்கலாமுங்க" என்றார்.

சரி, எழுதுகிறேன். காலையில் கரண்ட் இல்லை. பதினொன்றரைக்கு வந்தது. கட்டிங் மேஜைக்கு அடியில் எலி. காளீஸ்வரி விளக்குமாற்றால் அடித்தாள், எலி தப்பித்துவிட்டது. இதுதான் இன்றைய இம்பாக்ட்.

நான் பவுனுத்தாயி. வயது நாற்பத்தொன்பது. பத்து வருடம் மகளிர் குழுத் தலைவியாக இருந்தேன். இப்போது வேடசந்தூர் பக்கம் இந்தச் செம்பருத்தி தையல் கூடத்தை நடத்துகிறேன். இங்கே தைக்கும் ஏழு பேரும் நூல் மில் ஹாஸ்டலிலிருந்து தப்பித்தோ விரட்டப்பட்டோ வந்தவர்கள். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போவார்கள். போனதும் கேட்டைப் பூட்டுவார்கள். போன் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். காய்ச்சலென்றாலும் ஒரு மாத்திரையைக் கொடுத்து மெஷினில் நிறுத்துவார்கள். இதற்குப் பெயர் ஆள் கடத்தல்தான் என்று வக்கீல் ஜெசிந்தா மேடம் சொன்னபோது எங்கள் ஊர் ஆம்பளைகள் சிரித்தார்கள். பஸ் ஏறி டாட்டா காட்டிவிட்டுப் போன பிள்ளையை யார் கடத்தினார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கட்டும், தெரியும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காளீஸ்வரி இன்று மதியம்தான் வேலைக்கு வந்தாள். வந்தவள் மெஷினில் உட்காராமல் சுவரைப் பார்த்து நின்றாள். மில்லில் ஒரு விரலைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் அவள். தங்கை அனுசியா இன்னும் அதே மில் ஹாஸ்டலில் இருக்கிறாள். பதினாறு வயது. இவர்கள் அப்பா மாரிமுத்து அண்ணன் ஆடியில் தவறிவிட்டார். செத்த அன்றைக்கே மில்லுக்குச் சொல்லி ஆள் அனுப்பினோம். பிள்ளையை விடவில்லை. பெற்ற அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடவில்லை! ஞாயிற்றுக்கிழமை வரும் முப்பதாம் நாள் காரியத்துக்காவது அனுப்புங்கள் என்று கேட்க இன்று காலையில் மில் கேட்டுக்கே போயிருக்கிறாள் காளீஸ்வரி.

"கார்டுல உன் பேரு இல்லம்மா, போம்மாங்கறான் வாட்ச்மேன். கூடப்பொறந்தவடா நானுன்னு கத்துனேன்க்கா. ரெண்டு பேரு பேருதான் இருக்கு, அவுங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விடுவோம்ங்கறான்."

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பார்வையாளர் அட்டை உண்டு. சேரும்போது எழுதும் இரண்டு பெயர்தான். பார்ப்பதென்றாலும் வெளியே கூட்டிப்போவதென்றாலும் அந்த இருவரில் ஒருவர் வர வேண்டும்.

"ஒண்ணு அப்பா பேரு. இன்னொண்ணு யாருன்னு சொல்ல மாட்டேங்கறான். மில்லுக்குப் புள்ள சேத்துவிடற அந்த ஏஜெண்டு சீனிராசு பேராத்தேன் இருக்கும்" என்று பல்லைக் கடித்தாள் காளீஸ்வரி.

இருக்கும் என்றேன்.

மாரிமுத்து அண்ணன் வாயைத் திறக்காத மனுசன். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று நான் போட்ட சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ப்ரணவ் தம்பி சிரித்த முகத்தோடு வந்தார். பெரிய ஆர்டராம். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நாப்கின். எங்கே? அந்த மில் ஹாஸ்டலுக்கு! வெளிநாட்டில் நூல் வாங்குகிற கம்பெனி, பிள்ளைகளுக்குச் சுகாதாரமான நாப்கின் கொடுத்தால்தான் ஆர்டர் தொடரும் என்று மில்லுக்கு எழுதியிருக்கிறதாம். இவர் உடனே போய்ப் பேசி முடித்துவிட்டார்.

"அந்த மில்லுக்கா? எங்க காளீஸ்வரி வெரலத் தின்ன மில்லுக்கு நாங்க தெச்சுக் குடுக்கணுமா? உங்களுக்கெல்லாம் வெக்கமாயில்ல?" என்று கேட்டேன்.

"ஏனுங்க்கா கோவிச்சுக்கறீங்க..."

"பேசாதீங்க தம்பி."

ஜெசிந்தா மேடம் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மில் பெண்களுக்காக உதவி எண் நடத்துபவர். எட்டு வருடமாக அந்தக் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்தவர். மெதுவாகச் சொன்னார்: "பவுனு, அந்த ஹாஸ்டலுக்குள்ள என்னால ஒரு காகிதத்தக்கூட அனுப்ப முடியல. உங்க நாப்கின் போகும். யோசிச்சுப் பாருங்க."

வேன் ஓட்டும் ரஹ்மத்தையும் கூப்பிட்டோம். நாலு பெண்கள் சேர்ந்து வேன் வாங்கிச் சங்கமாக ஓட்டுகிறார்கள், அதில் இவள்தான் வாயாடி. எல்லோரும் உட்கார்ந்தோம். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? ஒரு மணி நேரம் நாப்கின் போட்டுக் கொடுக்கும் நாடாப் பையில் யார் பெயர் போடுவது என்று சண்டை! ப்ரணவ் தம்பிக்கு அவர் கம்பெனி முத்திரை வேண்டும். ஜெசிந்தா மேடம் உதவி எண் வேண்டும் என்றார். ரஹ்மத், "அப்ப எங்க வேன் சங்கத்துப் பேரு என்ன தக்காளித் தொக்கா?" என்றாள். நாலு நல்ல காரியம் செய்பவர்களை ஒரு பாயில் உட்கார வைத்துப் பாருங்கள், புரியும்.

தேன்மொழிதான் முடித்து வைத்தாள். எங்கள் கூடத்திலேயே சின்னவள், பத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டாள். என்னிடம் அதைவிடக் குறைவு.

"யாரு பேரும் வேண்டாம். பேரு போட்டா வார்டன் பையையே உள்ள விடாது. மேடம் நம்பர எழுதிப் பையோட நாடா மடிப்புல வைங்க. ஹாஸ்டல்ல நாங்க எல்லாத்தையும் சுடிதார் பேண்ட் நாடா மடிப்புலதான் ஒளிச்சு வெப்போம். எந்தப் பையக் குடுத்தாலும் அந்தப் புள்ளைங்க மொதல்ல அங்கதான் தடவிப் பாக்கும்."

சண்டை அதோடு முடிந்தது. ஆர்டரை ஒத்துக்கொண்டேன்.

பைகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த தொகுப்பு என்பது எங்கள் கூடத்தின் வழக்கம். துணியை வீணாக்கக் கூடாது என்று நான் போட்ட சட்டம். ஆக, போகும் பை திரும்பியும் வரும்.

செப்டம்பர் 10, புதன்

ரஹ்மத் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தாள். வார்டன் பாதிப் பைகளைப் பிரித்துப் பார்த்தாளாம். நாடாவைத் தொடவில்லையாம்.

செப்டம்பர் 24, புதன்

பைகள் வந்துவிட்டன.

கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகத் தடவினோம். முதல் இருபதில் ஒன்றுமில்லை. இருபத்தோராவது பையில் காளீஸ்வரியின் கை நின்றது. நூல் கண்டில் ஒட்டும் ஸ்டிக்கரின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது கிடைத்தன.

ஒருத்தி பேன் சீப்பு கேட்டிருந்தாள். ஒருத்தி, 'நாப்கின் நல்லாருக்கு அக்கா, கலர் மட்டும் வேற குடுங்க' என்று எழுதியிருந்தாள். ரஹ்மத் சிரித்துவிட்டாள். அடுத்த சீட்டைப் படித்ததும் சிரிப்பு நின்றது. 'எனக்கு 15 வயசு. ஆதார் ஜெராக்ஸ்ல 19ன்னு போட்டுருக்காங்க. செக்கிங் வந்தா 19ன்னு சொல்லணும்னு அடிக்கிறாங்க.' இன்னொன்று: 'நாலு மாசமா எனக்கு வரவேயில்ல, மாத்திரை குடுக்குறாங்க, என்ன மாத்திரைன்னு தெரியல.'

ஏழாவது சீட்டு:

'எங்க அக்கா பேரு காளீஸ்வரி. யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. தீபாவளிக்கு அப்பாவ வரச் சொல்லுங்க. முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வெச்சிருக்கேன். இப்படிக்கு மா. அனுசியா.'

இரண்டு மாதம் ஆகப்போகிறது. அப்பன் செத்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மில்காரர்கள் சொல்லவே இல்லை! சொன்னால் அழுவாள், அழுதால் வேலை கெடும். அவர்களுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்களா, இல்லை மெஷினில்தான் பிறந்தார்களா? வீட்டுக்குப் போய்ச் சோறு எப்படி இறங்குகிறது அவர்களுக்கு?

காளீஸ்வரி அழவில்லை. சீட்டை நீவி நீவி மேஜை மேல் வைத்தாள். "தைலம் வாங்கி வெச்சிருக்காளாம்க்கா" என்றாள். மறுபடி அதையே சொன்னாள்.

அனுசியாவை எப்படியும் வெளியே கொண்டு வந்துவிடலாம் என்று தோளைப் பிடித்துச் சொன்னேன். சொல்வதற்கு எனக்கு வாய் இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி, சுண்டல். ரஹ்மத் வேனைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினாள். "எனக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைங்கடி" என்றாள்.

வாசலையொட்டி இருப்பது கூடத்தின் முதல் மெஷின். அதற்குத்தான் முதல் பொட்டு, வழக்கம் அப்படி. சின்னவள் வைக்கட்டும் என்று தேன்மொழியைக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மற்ற ஆறு மெஷினுக்கும் வைத்தாள். அதற்கு மட்டும் வைக்காமல் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். என்ன திமிர்! நல்ல நாளும் அதுவுமாக எல்லோர் முன்னாலும். திட்டித் தீர்த்துவிட்டேன். பிறகு நானே வைத்தேன்.

ப்ரணவ் தம்பி போட்டோ எடுத்தார். "இந்த மொத மெஷின் எப்படி வந்துச்சுங்க்கா? அந்தக் கதையப் போட்டா நல்லாருக்கும்" என்றார்.

ஒருத்தர் கொடுத்தார் என்றேன்.

சுண்டலில் உப்புக் கூடிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

பாவிகள். பாவிகள்.

ஒன்பது சீட்டையும் வைத்து ஜெசிந்தா மேடம் மனுக் கொடுத்து, இன்று மில்லில் சோதனை. காலை பத்தரைக்கு அதிகாரிகள் போகிறார்கள். ஒன்பதரைக்கே மில் பஸ் இரண்டு கிளம்பிவிட்டது. சின்னப் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு கோயில் சுற்றுலாவாம்! வியாழக்கிழமை, ஷிப்ட் நேரத்தில், கோயில் சுற்றுலா. யாரோ முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை.

அதிகாரிகள் போய் வளர்ந்த பெண்களைப் பார்த்து, காபி குடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஜெசிந்தா மேடம் போனில் பதறாமல் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "உங்களுக்குக் கோவமே வராதா மேடம்?" என்று கத்தினேன். "வரும் பவுனு. ஆனா எனக்கு இப்ப வேண்டியது ஒரே ஒரு புள்ள. வெளிய வந்து, பள்ளிக்கூட சர்டிபிகேட்டக் கையில வெச்சுக்கிட்டு, எனக்கு இத்தன வயசு, உள்ள இப்படித்தான் நடக்குதுன்னு நேர்ல சொல்ற ஒரு புள்ள. ஒருத்தி வந்தாப் போதும், மத்தவங்களுக்கு ஆர்டர் வாங்கிருவேன்" என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டாவது தடவை பைகள் வந்தன. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது நான் தடவ ஆரம்பித்தேன். அனுசியாவின் சீட்டு என் கைக்கே வந்தது.

வருகிற சனிக்கிழமை அவளையும் இன்னும் சிலரையும் ஆந்திராவில் இருக்கும் வேறு யூனிட்டுக்கு மாற்றுகிறார்களாம். சோதனைக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளை அப்புறப்படுத்துகிறார்கள், வேறென்ன. அங்கே போய்விட்டால் தேடவே முடியாது.

கீழே இரண்டு வரி இருந்தது. பை ஈரம் பட்டு மை கலைந்திருந்ததால் படிக்க முடியவில்லை. காளீஸ்வரியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மை கலையவில்லை.

அக்டோபர் 15, புதன்

ஜெசிந்தா மேடம் அலைந்துவிட்டு வந்தார். புது உத்தரவு தீபாவளி கழித்துத்தான் வருமாம். சனிக்கிழமைக்குள் நடக்காது.

ப்ரணவ் தம்பி நேற்றிலிருந்து இங்கேயே கிடக்கிறார். புக்கைப் பற்றியோ இம்பாக்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு மேலும் மேலும் எழுதிக்கொண்டிருக்கிறார். தேன்மொழி அனுசியா படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமை ஆசிரியையிடம் மல்லுக்கட்டிப் பிறந்த தேதி போட்ட சான்றிதழை வாங்கி வந்துவிட்டாள். ரஹ்மத் வெள்ளிக்கிழமை சவாரிகளை எல்லாம் வேறு வண்டிக்கு மாற்றிவிட்டாள். எதற்கு என்று தெரியாமலேயே மாற்றியிருக்கிறாள். "எதுக்காச்சும் தேவப்படும்ல" என்கிறாள். அவரவர் கையில் இருந்ததை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இல்லாதது அட்டையில் பெயருள்ள ஆள் மட்டும்தான். அந்த ஆள் போய்க் கையெழுத்துப் போட்டால் தீபாவளி விடுப்பு என்று இரண்டு நாளைக்காவது பிள்ளையை வெளியே விட்டாக வேண்டும்.

சாயந்திரம் காளீஸ்வரி மெஷினை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். "நாளைக்குக் காலைல சீனிராசு வீட்டுக்குப் போறேன்க்கா. அவன் கால்ல விழுறேன். என்ன சொன்னாலும் கேக்குறேன். அவன் வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றாள்.

அந்த நாய் காலில் இவள் விழுவதா? என் கூடத்துப் பெண்ணா? போகக் கூடாது என்றேன். அப்படியென்றால் வேறு வழி சொல்லுங்கள் என்றாள். நான் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காலை ஆறு மணிக்கே காளீஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, காலில் விழுவதற்குக் கிளம்பியிருந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். ரஹ்மத், ஜெசிந்தா மேடம், ப்ரணவ் தம்பி எல்லோரும் வந்தார்கள். சொன்னேன்.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். அந்தச் சீட்டின் கடைசி இரண்டு வரி இதுதான்: 'அப்பாவால வர முடியலன்னா பவுனு அத்தைய வரச் சொல்லுங்க. கார்டுல அவுங்க பேருதான் ரெண்டாவதா இருக்கு.'

சீனிராசு எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்துதான் பேசினான். 'ஏழைப் பெண்களுக்கு நல்ல திட்டம், தலைவிங்க சிபாரிசு பண்ணாத்தான் வீட்டுல நம்புவாங்க' என்றான். நம்பினார்கள். என் முகத்துக்காக நம்பினார்கள். பதினொரு பிள்ளைகள். ஒவ்வொரு படிவத்திலும் 'இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், பதினெட்டு வயது முடிந்துவிட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். முதல் மூன்று பேரை அனுப்பியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. நாலாவது பிள்ளையை அனுப்பியபோது தெரியும். அனுசியா பதினோராவது. பதினாலு வயது. ஒல்லியாக இருக்கிறாளே என்று வார்டன் கேட்டபோது, வளர்த்தி இல்லாத குடும்பம் என்று நான்தான் சொன்னேன்.

பதினொரு பேர் முடிந்ததும் சீனிராசு ஒரு தையல் மெஷின் கொண்டுவந்து இறக்கினான். அதற்குத்தான் வருடா வருடம் முதல் பொட்டு வைக்கிறோம்.

காளீஸ்வரி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர் கைநாட்டுக்குப் பக்கத்துலதான் என் கையெழுத்து இருக்கு. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தான் கெஞ்சுனேன்."

"நான் வெரலப் போக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்தேன்க்கா அப்ப. அந்தச் சமயத்துலயா?"

"ஆமா."

தேன்மொழி எழுந்தாள். அந்தப் பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. ஐந்தாவது. ஒன்றேகால் வருடமாக என் எதிரில் உட்கார்ந்து தைக்கிறாள். என்னை நினைவில்லை போலிருக்கிறது, சின்ன வயதில் பார்த்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். என்ன நிம்மதி.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள்.

"நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னா கூடத்த மூடிருவாங்க. இந்த ஏழு பேரும் எங்க போறது? திரும்ப மில்லுக்கா?" அவள் குரல் உடைந்தது. "அந்த மெஷினுக்குப் பொட்டு வெக்கலன்னு எல்லார் முன்னாடியும் திட்டுனீங்கல்ல. அன்னைக்கு மட்டும் சொல்லிரலாமான்னு இருந்துச்சு."

இத்தனை நாளாக இந்த டைரியில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். மில்காரன், வார்டன், அதிகாரி, ஊர் ஆம்பளைகள், இந்தப் பிள்ளை தேன்மொழி வரைக்கும். என்னை ஒரு வரி திட்டவில்லை. என்ன பொம்பளை நான்? எத்தனை தலைவிகள் செய்தார்கள், நான் மட்டுமா என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

ஜெசிந்தா மேடம் மட்டும் முன்பு போலவே பதறாமல் பேசினார். "பவுனு, நாளைக்கு அந்தக் கேட்ல நீங்க கையெழுத்துப் போட்டா, சேர்த்துவிட்டதும் நீங்கதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. கேஸ்ல உங்க பேரும் வரும். நான் உங்களக் காப்பாத்த மாட்டேன். புரியுதா?"

புரியுது என்றேன்.

"நாளைக்குப் போங்க. மத்தத வந்து பேசிக்கலாம்" என்றாள் காளீஸ்வரி. 'அக்கா' என்று சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ரஹ்மத் ஓட்டினாள். மில்லுக்கு அரை மைல் முன்னால், புளியமரத்து வளைவில் ஜெசிந்தா மேடத்தின் கார். அதில் காளீஸ்வரியும் குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஒரு அம்மாவும் இருந்தார்கள். பிள்ளை வெளியே வந்ததும் முறைப்படி அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பத்து மணிக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மில் மேனேஜரை வீடியோ காலில் உட்கார வைப்பார்கள், ப்ரணவ் தம்பி ஏற்பாடு. மேனேஜர் எழுந்து வரமாட்டான்.

பத்து ஐந்துக்குக் கேட்டில் இறங்கினேன். பார்வையாளர் அட்டைகள் இருந்த பெட்டியைத் தேடி எடுத்து வாட்ச்மேன் என் பெயரைப் பார்த்தான். உள்ளே விட்டான்.

வார்டன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அட, வாங்க வாங்க! எத்தன நாளாச்சு! தலைவியம்மா எங்கள மறந்தே போயிட்டீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். காபி சொன்னாள். "புதுசாப் புள்ளைங்களக் கூட்டியாந்திருக்கீங்களா, தீபாவளி கழிச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல, அனுசியாவ ரெண்டு நாள் ஊருக்குக் கூட்டிப் போகணும்."

"நாளைக்கு அவளுக்கு யூனிட் மாத்தம் இருக்கே..."

"அவ அப்பா செத்ததுக்கு நீங்க விடல. ஊர்ல பேசுறாங்க. இப்பவும் விடலன்னா இனிமே எந்த வீட்டுலயும் என்னை நம்பி ஒரு புள்ளையும் குடுக்க மாட்டாங்க. பாத்துக்குங்க" என்றேன்.

அது வேலை செய்தது. வார்டன் யோசித்துவிட்டு நோட்டை நகர்த்தினாள். "உங்க பொறுப்பு. திங்கக்கிழம ராத்திரி கொண்டாந்து விட்றணும்" என்றாள். கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்ட அதே கையெழுத்து.

கால் மணி நேரம் கழித்து அனுசியா வந்தாள். இரண்டு வருடத்தில் ஒரு அங்குலம்கூட வளரவில்லை. தலைமுடியில் பஞ்சு. ஒரு கட்டைப்பை, அதில் துணி. கையில் தனியாக ஒரு தைல பாட்டில். என்னைப் பார்த்ததும் நின்றாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள், குத்திக்காட்ட அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

"இந்த வாட்டி யாரச் சேத்துவிட வந்தீங்க அத்தை?"

அவள் கையைப் பிடித்தேன். நடந்தோம். கேட்டைத் தாண்டியதும், "அப்பா வெளிய நிக்குறாரா?" என்று கேட்டாள். ரஹ்மத் வேனைக் கிளப்பிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வளைவில் காளீஸ்வரி காரிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அவள்தான் சொன்னாள். நான் வேனிலேயே இருந்தேன். கேட்ட சத்தத்தை எழுத மாட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கூடம் பூட்டியிருக்கிறது. என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரவும் வேண்டாம்.

அக்டோபர் 29, புதன்

அனுசியா சொன்னதை வைத்து நேற்றுக் காலை உத்தரவோடு போனார்கள். இந்த முறை முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. மில் பஸ்ஸுக்கு முன்னால் ரஹ்மத்தின் சங்கத்து வேன் நாலும் 'பஞ்சராகி' நின்றுவிட்டனவாம். பத்தொன்பது பிள்ளைகள் வெளியே வந்திருக்கிறார்கள். சீனிராசைத் தேடுகிறார்கள்.

கூடத்தை இனிமேல் தேன்மொழியும் காளீஸ்வரியும் நடத்துவார்கள். ஏழு பேரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். என்னைக் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. முதல் மெஷினைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போகிறார்கள். அது நின்ற இடத்தைத் தேன்மொழி கழுவிவிட்டாள்.

நாளைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இந்த டைரியையும் கொடுக்கப் போகிறேன். பதினொரு பெயரையும் ஊரையும் சேர்த்த தேதியையும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இன்னும் நாலு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தேடட்டும். ப்ரணவ் தம்பி, நீங்கள் கேட்ட டைரி இதுதான்.

கொடுப்பதற்கு முன்னால் 17ஆம் தேதி எழுதாமல் விட்டதையும் எழுதிவிட வேண்டும்.

அன்றைக்கு வளைவில், அழுது ஓய்ந்த பிறகு, குழந்தைகள் நலக் குழுவிலிருந்து வந்த அந்த அம்மா கார் பானெட்டின் மேல் ஒரு படிவத்தை வைத்து நிரப்பினார். பிள்ளையின் பெயர், வயது, ஊர். கூட்டி வந்து ஒப்படைப்பவர் பெயர். பவுனுத்தாயி என்றேன்.

"புள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

அனுசியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தைன்னு போடுங்க" என்றாள். தைல பாட்டில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

காளீஸ்வரி தங்கையின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "சேத்துவிட்டவங்கன்னு போடுங்க" என்றாள்.

அந்த அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். காளீஸ்வரி சொன்னதை எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டேன்.